தாசில்தாருக்குப் பல் சுத்தம்

இந்தப் பஸ்ஸோட பிரேக் மேல சத்தியம் தம்பி, நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கழுகுமலை முருகன் மேலேயே சத்தியம் பண்ணலாம். ஆனா அவர் பழகின ஆளு, மன்னிச்சு விட்டுருவார். பிரேக் மன்னிக்காது. நான் பொய் சொன்னா கயத்தாறு தாண்டுறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேருவோம், சரியா? நல்லா உட்காருங்க. ஏன் அப்படி ஜன்னலோட போய் ஒட்டிக்கிட்டீங்க? மூணு பேர் சீட்டு, நாம ரெண்டே பேர்தான். எனக்கு எந்தப் பஸ்ஸுல ஏறினாலும் இப்படித்தான், கூட்டம் தானா விலகி இடம் விட்டுரும். கோவில்பட்டியில மைக்செட் வெயிலுமுத்துன்னா ஒரு மரியாதை இருக்கு தம்பி.

ஆமா, நான்தான். கழுகுமலைத் தேரோட்டத்துக்கு நான் குழாய் கட்டி ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’னு சொன்னா, சங்கரன்கோவில்ல ஒருத்தன் ‘கேட்குது, கேட்குது’ன்னு கையைத் தூக்குவான். அதுவும் சத்தியம். இப்பத் தொழிலை விட்டாச்சு. வீட்டுல நான், எங்க வீட்டுக்காரி சொர்ணத்தாய், அப்புறம் தாசில்தார்.

தாசில்தார்னா எங்க நாய். சிரிக்காதீங்க. தாலுகா ஆபீஸ் வாசல்ல பகல் பூராவும் கண்ணை மூடிப் படுத்துக் கிடக்கும். யாராவது கையில எதையாவது கொண்டுவந்தா மட்டும் ஒரு கண்ணைத் திறக்கும். வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க? நான் ஒரு வடையைக் காட்டினேன், அன்னைக்கே மாற்றலாகி என் வீட்டுக்கு வந்துருச்சு. நல்ல ராஜபாளையம் ஜாதி. தாய் வழியில. தகப்பன் வழியில நான் விசாரிக்கல.

அந்த நாயைத்தான் நான் பல் சுத்தம் பண்ண டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். நாய்க்குப் பல் சுத்தம் பண்ணின ஆளை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க, இப்பப் பார்த்துக்கிடுங்க. டீசல் வாடை அடிக்குதோ? மூக்கைப் பொத்துறீங்களே. இந்த வண்டியெல்லாம் அப்படித்தான், ஜன்னலை நல்லாத் திறந்துவிடுங்க.

பிரச்சினை ஆரம்பிச்சது ஒரு காதுகுத்துல. என் மச்சினன், அதாவது சொர்ணத்தாயோட தம்பி, பாளையங்கோட்டையில இருக்கான். அவன் பேரனுக்குக் காது குத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில உட்கார வச்சுக் குத்தினாங்க. ரெண்டு காதும் குத்தியாச்சு, அது ‘ங்’குன்னு ஒரு சத்தம் போடலை. அம்புட்டுத் தைரியமான பிள்ளை. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. ‘அடே என் சிங்கக்குட்டி’ன்னு குனிஞ்சு மூக்கோட மூக்கை வச்சு ஒரு முத்தம் குடுத்தேன். அவ்வளவுதான். வீர்னு ஒரு அலறல். கண்ணு சொருகிக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, முகத்துல தண்ணியடிக்க வேண்டியதாப் போச்சு. நான் திரும்பிப் பார்க்கேன், எங்ககூடவே காதுகுத்துக்கு வந்த தாசில்தார் பின்னால நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது. அதைக் கண்டு பயந்திருக்கு பிள்ளை. நானும் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். ஒவ்வொருத்தர் பக்கத்திலயும் போய் நின்னு சொன்னேன். எல்லாரும் தலையைத் திருப்பிக்கிட்டுச் ‘சரிங்க மாமா, சரிங்க மாமா’ன்னாக. ஏத்துக்கிட்டாக.

சொர்ணத்தாய் மட்டும் ஏத்துக்கிடலை. அன்னையில இருந்து என்கூடப் பேச்சை நிறுத்திட்டா.

பேச்சை நிறுத்துறதுன்னா எங்க பக்கத்துல எப்படின்னு தெரியுமில்ல? சுத்தமா நிறுத்திட முடியாது, குடும்பம் நடக்கணுமே. அதனால புருஷனுக்குச் சொல்ல வேண்டியதைப் பொண்டாட்டி சுவருகிட்டச் சொல்லுவா, அம்மிகிட்டச் சொல்லுவா, கோழிகிட்டச் சொல்லுவா. எங்க வீட்டுல தாசில்தார்கிட்ட. ‘தாசில்தாரே, சோறு ஆறுதுன்னு சொல்லு.’ நான் போய் உட்காருவேன். ‘தாசில்தாரே, கரண்டு பில்லுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளாம்.’ நான் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவேன். எனக்கு இதெல்லாம் அத்துபடி. எது எனக்கு, எது நாய்க்குன்னு பட்டுன்னு பிரிச்சுருவேன். நாற்பது வருஷம் ஆம்பிளிஃபயர்ல எந்த ஒயர் எங்க போகுதுன்னு பார்த்தவன் தம்பி.

ஒருநாள் காலையில, நான் வெத்திலையைப் போட்டுக்கிட்டு அடுப்படி நிலையில சாய்ஞ்சு நிக்கேன். அவ தோசை சுட்டுக்கிட்டு இருக்கா. முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு நாயைப் பார்த்துச் சொன்னா:

“தாசில்தாரே, உம்ம வாய் நாத்தம் குடலைப் புடுங்குது. எத்தனை வருஷம்தான் ஒரு பொம்பளை பொறுப்பா? நல்ல டாக்டராப் பார்த்துப் பல்லைச் சுத்தம் பண்ணிட்டு வாரும். இல்லைன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் தேடாதீரும்.”

நான் யோசிச்சேன். சோறு ஆறுதுன்னா அது எனக்கு. கரண்டு பில்லுன்னா எனக்கு. வாய் நாத்தம்னா? அது நாய்க்குத்தானே! நாய்க்குச் சொல்ல வேண்டியதை நாய்கிட்டயே நேராச் சொல்றா, இதுல குழப்பம் எங்க இருக்கு? ஒண்ணே ஒண்ணுதான் இடிச்சது. எப்பவும் ‘ஏலே, வாலே, போலே’ன்னு கூப்பிடுறவ, அன்னைக்கு ‘வாரும், தேடாதீரும்’னு மரியாதை குடுத்தா. சரி, பதவிக்குக் குடுக்குற மரியாதைன்னு விட்டுட்டேன்.

என் பல்லை நீங்களே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பாருங்க. நல்லாப் பாருங்க, ஏன் கண்ணை மூடுறீங்க? கறுப்பா இருக்குல்ல? அதான் பலம். ஈட்டி மரம் கறுப்புத்தானே? பிரஷ்ஷு, பேஸ்ட்டு எதுவும் இந்த வாய்க்குள்ள போனதில்லை. இரும்பும் பல்லும் ஒண்ணு, ஈரம் பட்டாத் துருப்பிடிச்சுரும். யாழ்ப்பாணப் புகையிலையை ஒரு ஓரமா அதக்கி வச்சிருந்தாப் போதும், ஒரு பூச்சி அண்டாது. எங்க வீட்டுல கொசு இருக்கும், என் கட்டில் பக்கம் வராது. சொர்ணத்தாயும் வரமாட்டா. அவளுக்கு உஷ்ண உடம்பு, முற்றத்துலதான் படுப்பா.

கதைக்கு வாரேன். எங்க ஊர் பைபாஸ் ரோட்டுல புதுசா ஒரு நாய் ஆஸ்பத்திரி வந்திருக்கு. சின்ன வயசு டாக்டரம்மா. உள்ள போனதும் தாசில்தாரைத் தூக்கி மேசையில நிறுத்தி, உதட்டை விலக்கிப் பார்த்தாக. “பல்லுல காறை படிஞ்சிருக்கு ஐயா, ஆனா வயசுக்கு இது பரவாயில்லை”ன்னாக. நான் விவரம் சொல்லுவோம்னு கிட்டப் போனேன். உடனே ஒரு மாஸ்க்கை எடுத்து மாட்டினாக. நான் பேசி முடிச்சு நாற்காலிக்குப் போனதும் மாஸ்க்கைக் கழட்டிட்டு, நாயோட வாயில முகத்தை வச்சுக்கிட்டுக் கொஞ்சினாக. திரும்ப நான் எழுந்திருச்சேன், திரும்ப மாஸ்க். மனுஷங்ககிட்ட இருந்து நாய்க்கு ஏதும் தொத்திரக்கூடாதுன்னு அம்புட்டுக் கவனம். அந்தப் படிப்பே தனி தம்பி.

“நாய் சும்மா வாயைத் திறந்து காட்டாது ஐயா, மயக்க மருந்து குடுத்துத்தான் சுத்தம் பண்ணணும். சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. முதல்நாள் ராத்திரியில இருந்து பட்டினி. ஒரு பருக்கை உள்ள போகக்கூடாது. வயித்துல ஏதும் இருந்தா, மயக்கத்துல வாந்தியெடுத்து மூச்சுக்குழல்ல போயிரும். உசுருக்கே ஆபத்து”ன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாக.

அங்கதான் சிக்கல். தாசில்தார் எங்க வீட்டு நாய்தான், ஆனா தெருவோட வயிறு. முதல் வீட்டுல இட்லி, மூணாவது வீட்டுல பழைய சோறு, டீக்கடையில பன்னு. இம்புட்டுப் பேர்கிட்டயும் மயக்க மருந்து, மூச்சுக்குழல்னு விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா? ஒரே போடாப் போட்டேன். அது புரட்டாசி மாசம். “எங்க தாசில்தார் புரட்டாசிச் சனிக்கு விரதம். யாரும் எதையும் போட்டு அதோட விரதத்தைக் கலைச்சுராதீங்க”ன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொல்லிவச்சேன். மைக் இல்லாமத்தான் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்டுச்சு.

மறுநாள் விடியுது, வாசல்ல கோலம். நான் போடலை, சொர்ணத்தாயும் போடலை. தெருவே போட்டிருக்கு. எதிர்வீட்டு ரெங்கநாயகி ஈரத்தலையோட வந்து நாய்க்கு நெத்தியில நாமத்தைப் போட்டுட்டா. “போன பிறவியில ஏதோ பெரிய பாகவதரா இருந்திருக்கும் மாமா, கண்ணைப் பாருங்க, எம்புட்டுச் சாந்தம்”ங்கா. பசி மயக்கம் தம்பி அது! ஒருத்தி வந்து தன் மகனுக்கு வேலை கிடைக்குமான்னு கேட்கா. தாசில்தார் தும்முச்சு. கிடைச்சுருமாம். அந்தப் பையனுக்குத் திங்கக்கிழமை வேலை கிடைச்சது. சத்தியம். என்ன வேலைன்னு கேட்காதீங்க.

நான் சட்டை மாத்த உள்ள போயிட்டு வந்தேன். அந்த நேரத்துக்குள்ள காரியம் முடிஞ்சுபோச்சு. விரதம்னா அதை முடிச்சுவைக்கணுமில்ல? பெருமாள் கோவில் சர்க்கரைப் பொங்கலை ஒரு வாழை இலை நிறைய வச்சு, துளசித் தீர்த்தமும் ஊத்தி, ரெங்கநாயகி விரதத்தை முடிச்சுவச்சுட்டா. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல தாசில்தாருக்கும் மனசு வரலை.

நாமமும் மீசையில முந்திரிப்பருப்புமா நாயைக் கொண்டுபோய் நிறுத்தினேன். டாக்டரம்மா பார்த்தாக. மாஸ்க்கை மாட்டிக்கிட்டு, “ஐயா, இன்னைக்கு முடியாது”ன்னாக.

அடுத்த தடவை புத்திசாலித்தனமாப் பண்ணினேன். புதன்கிழமை, விரதம் விசேஷம் எதுவும் கிடையாது. ‘நாய்க்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு’ன்னு முதல்நாள் டீக்கடையில ஒரே ஒருத்தன் காதுல மட்டும் சொன்னேன். அவன் காதைத் துடைச்சுக்கிட்டே ஓடினான். மறுநாள் தெருவுல ஈ காக்கை இல்லை. பால்காரன் தெரு முக்குலயே பாலை வச்சுட்டுப் போயிட்டான். நானும் தாசில்தாரும் மந்திரி போற மாதிரி நடுரோட்டுல நடந்து போனோம்.

ஊசி போட்டாங்க. அந்தப் பய நின்னபடியே என்னைப் பார்த்துக்கிட்டே கண்ணைச் சொருகினான். மேசையில படுக்கப்போட்டு, தொண்டையில ஒரு குழாயைச் சொருகி, ஒரு சின்ன மெஷினை எடுத்துப் பல்லு மேல வச்சாங்க. கண்ணாடிக் கதவு வழியாப் பார்க்கேன். ‘கீஈஈஈ’ன்னு ஒரு சத்தம். எனக்கா தெரியாது? மைக்கை ஸ்பீக்கர் முன்னால கொண்டுபோனா அலறுமே, அதே சத்தம். ‘டாக்டரம்மா, வால்யூமைக் குறைங்க’ன்னு வெளியே இருந்து கத்தினேன். அவுக திரும்பவே இல்லை.

காறை பேர்ந்து பேர்ந்து விழுது. கதவைத் திறந்த நர்ஸம்மாகிட்ட ஒரு துண்டை வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல்லு மாதிரி இருக்கு. உடைச்சேன். உள்ள என்ன இருந்தது தெரியுமா? கழுகுமலைத் தேரோட்டத்துல நான் தொலைச்ச குழாய் ஸ்பீக்கர் திருகாணி! அந்தத் தேரோட்டம் நடந்தப்ப இந்த நாய் பிறக்கவே இல்லைன்னு நீங்க கணக்குப் போடுவீங்க. போடுங்க. திருகாணி என்கிட்ட இருக்கு.

மயக்கம் தெளிஞ்சு எந்திரிச்சது பாருங்க. பல்லு ஒவ்வொண்ணும் மல்லிகை மொட்டு. வீட்டுக்கு வந்தோம். சொர்ணத்தாய் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா. முதல்ல என் முகத்தைத்தான் பார்த்தா, அதுவும் ஆசையாப் பார்த்தா. “போயிட்டு வந்தாச்சு”ன்னு நாயோட வாயைத் திறந்து காட்டினேன். அவ நாயைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, வானத்தைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா. கீழே உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ முந்தானையால கண்ணைத் துடைச்சா. சந்தோஷக் கண்ணீர்னு நினைச்சேன்.

“தாசில்தாரே, உனக்குப் புத்தி வந்துருச்சு. நீயாவது இருக்கியே”ன்னு நாயோட மூஞ்சியில முத்தம் குடுத்தா. நானும் குனிஞ்சேன். ‘ஐயோ’ன்னு எழுந்து போயிட்டா.

மறுநாள் காலையில, “இன்னும் நாறுதே தாசில்தாரே”ங்கா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். “என்ன வேலை பார்த்தீங்க? எங்க வீட்டுல அப்படியே நாறுதாம்.” டாக்டரம்மா நாயோட வாயை மோந்து பார்த்தாக. என்னையும் பார்த்தாக. எங்க பக்கத்துப் பொண்ணுதான் போல, அவுகளும் குனிஞ்சு நாய்கிட்டயே கேட்டாக: “தாசில்தார் சார், உங்க வீட்டுல பல்லைக் காட்ட வேண்டியவக வேற யாராவது இருக்காகளா?”

“பூனைகூடக் கிடையாது டாக்டர்”னு நான் சொன்னேன். உண்மைதானே?

அந்த வாரமே சொர்ணத்தாய் பையைக் கட்டிட்டா. “வா தாசில்தாரே, வாய் சுத்தமா இருக்கிறவங்க நாம வேற இடத்துக்குப் போவோம்”னு சொல்லி, நாயையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயிட்டா. கங்கைகொண்டான் வந்துருச்சா? சீக்கிரம் சொல்லிருறேன்.

இப்பத்தான் அதிசயமே. நாய் போன பிறகும் வீட்டுல நாத்தம் போகலை! எலி செத்துக் கிடக்கும்னு பரண் சாமானையெல்லாம் இறக்கினேன், சாக்கடையைத் தோண்டினேன். எலி இல்லை. டீக்கடைக்குப் போனா அங்கயும் எல்லாரும் மூக்கைப் பிடிக்காக. கோவிலுக்குப் போனேன், ஐயர் திருநீறைத் தூக்கிப்போட்டார், கையில வைக்கலை. செத்த எலியோட ஆவி என் பின்னாலயே வருது தம்பி. இந்தப் பஸ்ஸுல கூட ஏறியிருக்கும்னு சந்தேகப்படுறேன். நீங்க உணரலையா? ரொம்பத்தான் தலையாட்டுறீங்க.

சரி, ஆவி கிடக்கட்டும். வீடுதான் தம்பி தாங்கலை. மத்தியானம் சோத்தை நானே வடிச்சு நானே போட்டுக்கிட்டு உட்காருவேன். அது பாட்டுக்கு ஆறும். ஆறுதுன்னு ஒரு நாய்கிட்டச் சொல்லக்கூட வீட்டுல ஆள் இல்லை. ஒருநாள் நானே சுவரைப் பார்த்து, ‘சோறு ஆறுதாம்ல’ன்னு சொல்லிப் பார்த்தேன். சுவரு யார்கிட்டப் போய்ச் சொல்லும்?

நேத்துப் போன் வந்தது. எடுத்தேன். என்கூட அவ பேசலை. பக்கத்துல தாசில்தார் மூச்சுவிடுற சத்தம் கேட்குது. அதுகிட்டத்தான் சொல்றா: “தாசில்தாரே, நல்லாக் கேட்டுக்கோ. வண்ணார்பேட்டையில ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்காம். மனுஷ ஆஸ்பத்திரி. பேர் குடுத்து வச்சாச்சு. அங்க போயிட்டு வந்தா இந்த வீட்டுக் கதவு தொறந்திருக்கும், நானும் பையைக் கட்டிருவேன். போகலைன்னா அப்படியே அடுத்த பஸ்ஸுல திரும்பிரச் சொல்லு.” அப்புறம் மெதுவா, “வலிக்காதாம்னு சொல்லு”ன்னா.

நான் ராத்திரி பூராவும் யோசிச்சேன். மனுஷ ஆஸ்பத்திரியில நாயைப் பார்க்கமாட்டாங்க. நாயும் பாளையங்கோட்டையில இருந்து தனியா டவுன் பஸ் ஏறி வராது. அப்ப என்ன செய்யணும்? நாய் சார்பா யாராவது போகணுமா இல்லையா? கல்யாணத்துக்கு வர முடியாதவங்க சார்பா மொய் எழுதுறது இல்லையா, அந்த மாதிரி. நான் போறேன். தாசில்தார் சார்பா நாற்காலியில உட்கார்ந்து, தாசில்தார் சார்பா வாயைத் திறக்கிறேன். அவுக பார்க்கிறதைப் பார்த்துக்கிடட்டும். அந்தக் ‘கீஈஈ’ சத்தத்தை நினைச்சுத்தான் இப்பவே முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிடுறேன். அதுவும் தாசில்தார் சார்பாத்தான்.

தாழையூத்துத் தாண்டியாச்சு. அடுத்து நான் இறங்குற இடம். இந்தாங்க, இந்தப் புகையிலைப் பொட்டலத்தைக் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க. வேண்டாமா? அப்ப நான் இறங்கினதும் ஜன்னல் வழியா வீசிருங்க, என் கையால வீச மனசு வரமாட்டேங்குது.

கதையை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, நான் தடுக்கலை. யார் சொன்னதுன்னு மட்டும் மூச்சு விட்டுராதீங்க. மைக்செட் வெயிலுமுத்துன்னு வாயே திறக்கக்கூடாது. ரொம்ப வற்புறுத்திக் கேட்டா, தாசில்தார் சொன்னார்னு சொல்லிருங்க. வழி விடுங்க தம்பி, வண்ணார்பேட்டை வந்துருச்சு.